கற்சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் ஆழ்கடல்

என் அண்ணனுக்கு இந்தப் படகுத்துறையில் ‘நாளைக்கு’ என்று பெயர். யாரையாவது நிறுத்தி, “நாளைக்கு எங்க இருக்கார்?” என்று கேட்டால் நேராக அவன் படகைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரர்கூடத் தலையைச் சொறிவார். கடலில் தூண்டில் போட்டு மீன் பிடிக்க ஆசைப்படும் வெளியூர்க்காரர்களை வாடகைக்குப் படகில் ஏற்றிக்கொண்டு போவது அவன் தொழில். ஆனால் பாதி நாள் அவன் யாரையும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. வானத்தைப் பார்ப்பான், மூக்கைச் சுளிப்பான், “நாளைக்குப் போலாம் சார்” என்பான். புயல் மாதங்களில் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்கிறான் என்று அண்ணி சத்தியம் செய்கிறாள்.

நான் அவன் தங்கை. அதே துறையில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில், தூண்டிலுக்கு இரையும் ஐஸும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். கணவாய்த் துண்டு, இறால், பொடி மீன் எல்லாம் என்னிடம் கிடைக்கும். அண்ணன் ஒரு தடவை ‘நாளைக்கு’ என்று சொன்னால் என் கடையில் ஒரு கூடைக் கணவாய் நாறிப்போகும். அதனால் அவனைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் எரிச்சல் கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். கூடப் பிறந்த பாவத்துக்கு நானும் எவ்வளவோ பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் யாரையாவது கடல் கொண்டுபோய்விட்டதா என்று வெளியூர்க்காரர்கள் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படி ஒன்றும் கிடையாது. எங்கள் அப்பா நல்ல வயதாகி, சொந்தக் கட்டிலில், கடைசி மூச்சுவரை எல்லாரையும் திட்டிக்கொண்டே நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அண்ணன் பிறவியிலேயே இப்படித்தான். சின்ன வயதில் இறக்கம் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு வருவான். ஏற்றத்தில் இறங்கித் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இறக்கத்தில் தள்ளிய ஒரே ஆள் அவன்தான்.

அப்பாவின் படகு கைக்கு வருவதற்கு முன்னால் அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான். கடைசிப் பிள்ளை கடைசிப் பையை மடியில் வைத்துக்கொள்கிற வரைக்கும் சாவியைத் திருப்ப மாட்டான். பிள்ளைகள் தினமும் முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேருவார்கள். அவன் வேனில் போன எந்தப் பிள்ளைக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்பட்டதில்லை. எந்தப் பிள்ளையும் வாய்ப்பாட்டை ஒழுங்காகப் படிக்கவுமில்லை, அது முதல் வகுப்பாக இருந்ததால். பிறகு படகு வந்தது. படகையும் அவன் வேனாகத்தான் ஓட்டினான். லைஃப் ஜாக்கெட்டின் வாரை அவனே இழுத்துக் கட்டுவான். கையைத் தூக்கச் சொல்வான், குதிக்கச் சொல்வான், மறுபடி இழுத்துக் கட்டுவான். மூச்சு முட்டுகிறது என்று யாராவது சொன்னால்தான் அவன் முகத்தில் திருப்தி வரும்.

“மீன் கிடைக்கலைன்னா இன்னொரு நாள் வந்து பிடிச்சுக்கலாம் சார். ஆளு கிடைக்கலைன்னா எந்த நாள் வந்து பிடிக்கிறது?” என்று கேட்பான். இதைக் கேட்டுவிட்டு எத்தனையோ பேர் பல்லைக் கடித்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார்கள்.

என் வீட்டுக்காரரும் படகுக்காரர்தான். அண்ணன் படகுக்குப் பக்கத்திலேயே அவர் படகும் கட்டியிருக்கும். குணத்தில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாது. அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்ற வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை. எந்தப் புயல் மாதத்திலும் எந்தப் பார்ட்டியையும் திருப்பி அனுப்ப மாட்டார். அதற்காக அவரை வீரர் என்று நினைத்துவிட வேண்டாம், அவருக்கும் உயிர் வெல்லம்தான்.

அவர் செய்வது இது. எங்கள் துறைமுகத்தைச் சுற்றிப் பெரிய பெரிய பாறைகளைப் போட்டு நீளமாக ஓர் அலைத்தடுப்புச் சுவர் கட்டியிருக்கிறார்கள். சுவருக்கு வெளியே கடல், உள்ளே கிண்ணத்தில் இருப்பதுபோலத் தண்ணீர். மழை மூட்டமாக இருக்கிற நாளில் அவர் பார்ட்டியை ஏற்றிக்கொண்டு படுவேகமாகக் கிளம்புவார். மூட்டத்துக்குள் போனதும் சுவருக்கு உள்ளேயே வட்டமாகச் சுற்றுவார். திசை குழம்பித் தலை சுற்றியதும் இஞ்சினை நிறுத்தி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “ஆழ்கடல்!” என்பார். துறைமுக வாய் வழியாக உள்ளே வருகிற அலையிலேயே படகு தேவையான அளவுக்கு ஆடும். வந்தவர்கள் ஆளுக்கொரு பொடி மீனைப் பிடித்து, ஆளுக்கொரு தடவை வாந்தி எடுத்து, ஊருக்குப் போய் அதை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதற்குத் துறையில் ‘குளத்து ரவுண்டு’ என்று பெயர். எனக்கு அது பிடிக்காது என்றெல்லாம் பீற்றிக்கொள்ள மாட்டேன், அந்த நாட்களில்தான் என் கணவாய் விற்கும். ஆனால் அண்ணனுக்குப் பிடிக்காது. “ஏமாத்தறதுக்கு ஒரு இஞ்சின் வேற” என்று ஒரு தடவை சொல்லப்போய், மச்சானும் மச்சானும் ஒரு சீசன் முழுக்க என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட அண்ணனுக்கு ஒரே ஒரு பெண். நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அதே ஆஸ்பத்திரி அலுவலகத்தில் வேலை செய்கிற ஒரு பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையன் நல்லவன், மரியாதையானவன், எதற்கும் தலையாட்டுகிறவன். முக்கியமாக அப்பா பேச்சுக்குத் தலையாட்டுகிறவன். அந்த அப்பா அரசாங்க ஆடிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ஊரார் கணக்கில் தப்புக் கண்டுபிடித்தே வாழ்ந்தவர்.

ஆடிட்டர் முதலில் போனில் பேசும்போது பிரியமாகத்தான் பேசினார். சின்ன வயதிலிருந்து ஆழ்கடலில் ஒரு பெரிய மீனையாவது பிடித்துவிட வேண்டும் என்று ஆசையாம். பெண் கொடுக்கப்போகிற சந்தோஷத்தில் அண்ணனுக்கு வாய் நீண்டுவிட்டது. “வாங்க சார், நானே கூட்டிட்டுப் போறேன்!” என்று வாக்குக் கொடுத்துவிட்டான். அவன் வாழ்க்கையிலேயே வானத்தைப் பார்க்காமல் கொடுத்த ஒரே வாக்கு அதுதான்.

அடுத்த வாரமே புயல் சீசன் பிறந்துவிட்டது. துறைமுக ஆபீஸ் கம்பத்தில் சிவப்புக் கொடி ஏற்றினால் ஒருவரும் வெளியே போகக் கூடாது. மஞ்சள் என்றால் போவதும் போகாததும் படகுக்காரர் பாடு. அண்ணனுக்கு மஞ்சளும் சிவப்பும் ஒன்றுதான். வெள்ளைக் கொடி என்றால்கூட அதற்குப் பின்னால் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பான். ஆடிட்டர் வருவதாகச் சொன்னார், மஞ்சள் கொடி, அண்ணன் ‘நாளைக்கு’ என்றான். மறுபடி வருவதாகச் சொன்னார், மறுபடி மஞ்சள், மறுபடி அதே பதில்.

மூன்றாவது தடவை ஆடிட்டர் போன் செய்தபோது அண்ணி போனை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். நாங்கள் எல்லாரும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

“நான் ஆளை எடை போடறது ஒரே ஒரு விஷயத்துலதான்,” என்றார் ஆடிட்டர். “சொன்ன சொல்லைக் காப்பாத்தறாரா இல்லையா. நீங்க ரெண்டு தடவை கேன்சல் பண்ணிட்டீங்க. வர்ற ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவியும் வர்றோம். அன்னிக்கும் கேன்சல்னா, பசங்க விஷயமும் கேன்சல்னு வெச்சுக்கங்க.”

போனை வைத்துவிட்டார். பெண் எழுந்து போய் ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவ ஆரம்பித்தாள். பையன் அப்பாவை மீறி வருகிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். தண்ணீர் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அண்ணன் மேஜை விரிப்பின் பூக்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தான். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நாலு சாத்து சாத்தலாம் போலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மஞ்சள் கொடி, பொடித் தூறல், கை நீட்டினால் விரல் தெரியாத மூட்டம். புயல் எங்கேயோ நடுக்கடலில் நிற்பதாகவும், எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றும் ரேடியோ சொன்னது. அண்ணன் டிக்கெட் அறை வாசலில் நின்று வானத்தை முறைத்தான். அந்த அறையில்தான் அண்ணி உட்கார்ந்து சவாரிக்கு ஆள் பதிவு செய்வாள், டீயும் போடுவாள்.

“உங்க மச்சான் பண்றதையாவது பண்ணுங்களேன்,” என்றாள் அண்ணி.

“அது பொய்.”

“ஒரே ஒரு நாள், ஒரே ஒரு பொய். அப்புறம் ஆயுசு பூரா நீங்க பழையபடி உண்மையாவே இருந்துக்கங்க. யார் வேணாம்னா?”

அண்ணன் அறைக்குள் பார்த்தான். பெண் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவியிருந்ததையே மறுபடி சீவிக்கொண்டிருந்தாள். அவன் படகுச் சாவியை எடுத்துக்கொண்டான். படகில் கூட வருகிற உதவி ஆள் புயல் மாதங்களில் சொந்த ஊருக்குப் போய்விடுவான். தூண்டிலில் இரை கோத்துக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். என் வீட்டுக்காரரைக் கேட்கலாம் என்றால், அவர் காலையிலேயே “இஞ்சின் விசிறியில ஏதோ சத்தம் வருது, படகை மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோறேன்” என்று நழுவிவிட்டார். விருந்தாளிகள் வருகிற நாளில் நல்ல சட்டை போட்டு உட்காரச் சொல்வேன் என்று பயம். கடைசியில் என் தலையில் விடிந்தது. கடைக் கதவைச் சாத்திவிட்டு நான் படகில் ஏறினேன்.

ஆடிட்டரைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த புதுச் சட்டை, தாடையில் கட்டிய தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி. தூறலில் நின்றுகொண்டு முகத்துக்கு வெயில் கிரீம் பூசிக்கொண்டிருந்தார். அவர் மனைவி ஒல்லியான, சத்தமில்லாத அம்மா. குடையும் பிளாஸ்க்குமாக வந்தவர், “நான் இங்கயே இருக்கேன்” என்று அண்ணியோடும் பெண்ணோடும் டிக்கெட் அறையில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் ஆடிட்டருக்கு ஜாக்கெட் வாரை இழுத்துக் கட்டினான். துறைமுகத்துக்கு உள்ளேயே சுற்றப்போகிற சவாரிக்கு மறுபடி அவிழ்த்து இன்னும் இறுக்கிக் கட்டினான்.

படகு கிளம்பியது. மூட்டத்துக்குள் போனோம். அண்ணன் வட்டமடித்தான். என் வீட்டுக்காரர் சுற்றினால் வேகத்தில் வயிறு வாய்க்கு வரும். அண்ணன் பள்ளிக்கூட வாசலில் வேனைத் திருப்புகிற மாதிரி சுற்றினான். வளைவில் திரும்பும்போது பழக்க தோஷத்தில் ஹார்ன் வேறு அடித்தான். பிறகு இஞ்சினை நிறுத்தி நங்கூரத்தைப் போட்டான். ‘ஆழ்கடல்’ என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று.

“கரையிலேந்து எவ்வளவு தூரம் வந்திருப்போம்?” என்று கேட்டார் ஆடிட்டர்.

“ரொம்ப இல்ல சார்,” என்றான் அண்ணன்.

ஆடிட்டர் என்னைப் பார்த்து, “அடக்கமான மனுஷன்” என்றார். “இங்க சுறா வருமா?”

“இதுவரைக்கும் வந்ததில்ல சார்.”

“நாம வர்ற நேரம், வரும்!” என்று ஆடிட்டர் கையுறையைத் தட்டிக்கொண்டார். அண்ணனால் பொய்யும் சொல்ல முடியவில்லை, உண்மையும் சொல்ல முடியவில்லை. அவன் சொன்ன ஒவ்வொரு உண்மையையும் அந்த மனிதர் பெரிய மனது என்று எடுத்துக்கொண்டார். அண்ணனுக்குக் குளிரிலும் வியர்த்தது.

இந்தத் தொழிலில் குளத்து ரவுண்டு போகிறவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கரையின் சத்தம் காதில் விழும். அண்ணனுக்கு அந்த வித்தை தெரியாது. முதலில் ஒரு நாய் குரைத்தது. ஆடிட்டர் காதைத் தீட்டிக்கொண்டார்.

“நாய் சத்தமா கேக்குது?”

“கடல்ல அப்படியெல்லாம் கேக்கும் சார்,” என்றேன்.

அடுத்தது ஒரு வண்டி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கடைக்கு ஐஸ் வண்டி வந்துவிட்டது. கடை சாத்தியிருப்பதைப் பார்த்த ஐஸ்காரர் தொண்டை கிழியக் கத்த ஆரம்பித்தார். “அக்கா! அக்கோவ்! ஐஸை எங்க இறக்கறது?”

“யாரோ அக்கான்னு கூப்பிடறாங்களே!” என்றார் ஆடிட்டர்.

“வயர்லெஸ் சார். வேற படகுக்காரங்க பேசிக்கறாங்க.”

“ஐஸைப் பத்தியா?”

“மீன் கெட்டுப்போயிடும்ல சார்.” எனக்கு வயிறு எரிந்தது. அங்கே ஒரு வண்டி ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, இங்கே நான் இறாலைக் கோத்துக்கொண்டு நிற்கிறேன். ஆனால் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. உருகினால் உருகட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் ஆடிட்டரின் தூண்டில் வில்லாக வளைந்தது. “மாட்டிடுச்சு!” என்று ஒரு கூச்சல் போட்டார் பாருங்கள், அறுபது தாண்டிய மனிதருக்குள் அப்படியொரு குரல் இருக்கும் என்று யாரும் நினைக்க முடியாது. கால்களைப் பலகையில் ஊன்றிக்கொண்டு ரீலைச் சுற்றினார். தூண்டில் நரம்பு விறைத்து நின்றது. அவர் கொஞ்சம் சுற்றினால், அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்தது. அவர் விட்டால், அதுவும் விட்டது. துறைமுகத்துக்குள் இவ்வளவு பெரிய மீன் ஏது என்று நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

“பயங்கரமான மீன்!” என்று மூச்சு வாங்கினார் ஆடிட்டர். “யோசிச்சு யோசிச்சு இழுக்குது!”

அந்த நேரம் பார்த்து மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. “விடாதீங்க டாக்டர்! அப்படித்தான்! இழுங்க! ஆழ்கடல் மீன்னா அப்படித்தான் முரண்டு பிடிக்கும்!”

அந்தக் குரலோடு நான் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். அதை எனக்குத் தெரியாதா? மெக்கானிக் ஷெட்டுக்குப் போன மகராசன், ஷெட்டுப் படிக்கட்டிலேயே ஒரு பார்ட்டியை ஏற்றிக்கொண்டு குளத்து ரவுண்டுக்கு வந்திருக்கிறார். அவர் படகில் இருந்தவர் தூண்டிலும் ஆடிட்டர் தூண்டிலும் தண்ணீருக்கடியில் சிக்கிக்கொண்டுவிட்டன. இவர் அவரை இழுக்கிறார், அவர் இவரை இழுக்கிறார். நடுவில் மீன் என்று ஒன்றுமே இல்லை.

கூப்பிட்டு நிறுத்தவும் வழியில்லை. வாயைத் திறந்தால் ஆழ்கடலின் நடுவில் எனக்குப் புருஷன் எங்கிருந்து வந்தார் என்று ஆடிட்டர் கேட்பார். அண்ணன் வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்க் குனிந்துகொண்டான்.

“மச்சான், எங்க இருக்கீங்க?”

பதில் வயர்லெஸ்ஸிலும் வந்தது, மூட்டத்திலிருந்து நேராகவும் வந்தது. “ஆழ்கடல்ல இருக்கேன் மச்சான்! செம மீன் ஒண்ணு மாட்டியிருக்கு!”

“நரம்பை அறுத்து விட்டுடுங்க மச்சான்.”

“உங்களுக்கென்ன பைத்தியமா? பல் டாக்டர், இவ்வளவு தூரம் வந்திருக்கார். இப்படி ஒரு மீனை அவர் ஜென்மத்துல பாக்க மாட்டார்!”

“அந்த மீன்,” என்று அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான், “என் படகுலதான் உக்காந்திருக்கு மச்சான்.”

வயர்லெஸ் மௌனமாகிவிட்டது. மௌனம் மூட்டத்திலிருந்தும் வந்தது. பிறகு “ஐயையோ” என்று ஒரு சின்னக் குரல்.

காற்று கொஞ்சம் வீசியிருக்க வேண்டும். மூட்டம் திரை விலகுவதுபோல விலகியது. பக்கத்திலேயே, பேசினால் கேட்கிற தூரத்தில், என் வீட்டுக்காரர் படகு. அதில் ஒரு குண்டு பல் டாக்டர், முகம் சிவக்க, எங்களைப் பார்த்துச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். இங்கே ஆடிட்டர் அவரைப் பார்த்துச் சாய்ந்து இழுத்துக்கொண்டிருந்தார். நடுவில் நரம்பு, துணி காயப்போடலாம் போல. இரண்டு பேருக்கும் பின்னால் படகுத்துறை, பஸ், சாத்திய என் கடை, கடை வாசலில் ஐஸ் பாளத்தின் மேல் கோணிச் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்த ஐஸ்காரர். டிக்கெட் அறை வாசலில் அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பெண் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆடிட்டரின் மனைவி மட்டும் டீயைக் குடித்துக்கொண்டே பொறுமையாக எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆடிட்டர் தூண்டிலை மெதுவாகக் கீழே வைத்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இது ஆழ்கடலா?”

“இல்ல சார்,” என்றான் அண்ணன். “துறைமுகம்.”

“என்ன நாடகம் இது?”

“வெளில போகலைன்னா எம் பொண்ணு கல்யாணம் நின்னுடும்னு பயம். போனா உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயம். ரெண்டு பயத்துக்கும் நடுவுல இந்த இடம்தான் சார் கிடைச்சது. பொய் சொன்னது தப்புதான். மன்னிச்சுடுங்க.”

ஆடிட்டர் வானத்தைப் பார்த்தார். தூறல் நின்றிருந்தது. மேகத்தின் நடுவில் ஒரு துண்டு நீலம்கூடத் தெரிந்தது. அவர் குரல் கொஞ்சம் தணிந்தது. “சரி. நடந்ததை மறந்துடறேன். இப்ப நல்லா வெளுத்துடுச்சு. படகை வெளில எடுங்க. அரை மணி நேரம் போதும். திரும்பி வந்ததும் கல்யாணத் தேதி பேசிடலாம்.”

இதைவிட வேறென்ன வேண்டும்? “போய்ட்டு வந்துடுங்க மச்சான்!” என்று என் வீட்டுக்காரர் கத்தினார். “போங்க சார்!” என்று, என்ன விஷயம் என்றே தெரியாத பல் டாக்டரும் சேர்ந்துகொண்டார். “போயேன் அண்ணே, உனக்குப் புண்ணியமாப் போகட்டும்” என்று நானும் கெஞ்சினேன். அண்ணன் கம்பத்தைப் பார்த்தான். கொடி மஞ்சளாகத்தான் இருந்தது. துறைமுக வாயைப் பார்த்தான். பிறகு கரையில் நின்ற பெண்ணைப் பார்த்தான். அவளைப் பார்த்தபோது அவன் முகம் கோணிப்போனதை நான் பார்த்தேன்.

“மாட்டேன் சார்,” என்றான்.

“யோசிச்சுச் சொல்லுங்க.”

“யோசிச்சுட்டேன் சார். மாட்டேன்.”

அவன் படகைத் துறைக்குத் திருப்பினான். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: அன்றைக்குப் புயல் வரவே இல்லை. அது வேறு எங்கேயோ திரும்பிப்போய்க் கலைந்துவிட்டது. சாயங்காலம் கடல் தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. தாராளமாகப் போய் வந்திருக்கலாம். இதை அவனிடம் பிற்பாடு சொன்னபோது, “சரி, வரலை. நல்லதுதானே?” என்று கேட்டான். இவனோடெல்லாம் எப்படிப் பேசுவது?

கரையில் இறங்கியதும் அண்ணன் நேராகப் பெண்ணிடம் போனான். “கெடுத்துட்டேன்மா,” என்றான். லைஃப் ஜாக்கெட்டைக்கூட அவன் இன்னும் கழற்றவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு அவன் ஜாக்கெட் வாரை அவிழ்க்கப் பார்த்தாள், அவன் இறுக்கிக் கட்டியிருந்ததில் முடிச்சு வரவில்லை.

ஆடிட்டர் மனைவியிடம் போனார். “கிளம்பு. இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிப்படாது.”

“ஏன்?” என்று கேட்டார் அந்த அம்மா.

“பொய் சொல்லிக் குளத்துல சுத்தியிருக்கார். சரி போகட்டும், இப்பவாவது நிஜமாக் கூட்டிட்டுப் போங்கன்னேன். மாட்டேன்னுட்டார்.”

“உங்ககிட்டயா? மூஞ்சிக்கு நேராவா?”

“ஆமா! ரெண்டு தடவை!”

அந்த அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஆடிட்டர் அதைக் கவனிக்கவில்லை. அவர் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்க்க நினைத்தார் போலிருக்கிறது. பெண்ணின் பக்கம் திரும்பினார்.

“உன் வாழ்க்கை விஷயம்மா இது. நீயே உங்கப்பாகிட்ட சொல்லு. ஒரு ரவுண்டு, வெளில போய்ட்டு வந்துடலாம். நீ சொன்னா கேப்பார். சொல்றியா?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணி அவளையே பார்த்தாள், நான் அவளையே பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொன்னால் அண்ணன் ஒருவேளை போயே இருப்பான்.

“மாட்டேன் அங்கிள்,” என்றாள். “அப்பா வேணாம்னா வேணாம்தான். உங்களை நீங்க வந்த மாதிரியே திருப்பி அனுப்பணும். அவருக்கு எல்லாத்தையும் விட அதுதான் முக்கியம். எனக்கும்தான்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணம் போச்சு என்று அண்ணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் அந்தச் சத்தமில்லாத அம்மா சிரித்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“எங்க வீட்டுல எல்லாரும் தலையாட்டற ஆளுங்கதான்,” என்றார் எங்களிடம். “நான் ஆட்டுவேன், என் பையன் ஆட்டுவான். போன மழைக்கு ரோட்டுல தண்ணி பொங்கி ஓடுது, இவர் காரை இறக்கறேன்னார். வேணாம்னு சொல்லணும்னு எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. தீயணைப்புக்காரங்க வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் கார் கூரை மேல குடை பிடிச்சுட்டு உக்காந்திருந்தோம். அப்பவும் இவர், ‘ஓரளவுக்கு வந்துட்டோம்ல’ங்கறார்.” அவர் பெண்ணின் கையைப் பிடித்தார். “மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரு ஆளாவது எங்க வீட்டுக்கு வரணும். இந்தப் பொண்ணை விட்டுட்டு நான் வேற யாரைத் தேடப்போறேன்?”

“நான் என்ன சொல்ல வர்றேன்னா...” என்று ஆரம்பித்தார் ஆடிட்டர்.

அந்த அம்மா அவர் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணியைப் பார்த்து, “இன்னொரு டீ கிடைக்குமா சம்பந்தி?” என்று கேட்டார்.

அண்ணிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து கெட்டிலைத் தேடினாள், அது அவள் கையிலேயே இருந்தது. அண்ணன் போய், ஐஸ்காரர் பக்கத்தில், ஐஸ் பாளத்தின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான். கட்டிய ஜாக்கெட்டோடு, வெட்கமே இல்லாமல், தேம்பித் தேம்பி அழுதான். ஐஸ்காரர் தன் கோணிச் சாக்கில் பாதியை அவனுக்காக நகர்த்திக் கொடுத்தார். என் அண்ணன்மேல் எனக்கு எத்தனையோ கோபம் உண்டு, ஆனால் அன்றைக்கு அவனைப் பார்த்து எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமையாக இருந்தது.

ஆடிட்டர் பாக்கெட் சட்டையோடு நடுத்துறையில் தனியாக நின்றார். அவர் சொல்வதைக் கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரும் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். அண்ணி டீயைக் கொண்டுவந்து நீட்டினாள்.

“ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போடுங்க,” என்றார் அவர்.

அந்த அம்மா கணவரை நேருக்கு நேராகப் பார்த்தார். உதட்டை ஒரு தடவை ஈரப்படுத்திக்கொண்டார். புதுச் செருப்பைப் போட்டு முதல் அடி எடுத்து வைக்கிற மாதிரி, மெதுவாக, ஆனால் தெளிவாகச் சொன்னார்.

“கிடையாது. சுகர் டாக்டர் சொல்லியிருக்கார்ல?”